யானை உருட்டிவிட்ட எல்லைக்கல்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. சென்னை மாநிலத்துக்கும் மைசூர் மாநிலத்துக்கும் நடுவில் நின்று ஒரு யானை முதுகு சொறிந்துகொண்டிருந்தது.
2. இரண்டு மாநிலத்து ரேஞ்சர்களும் ஒரே மரத்தில் ஏறினார்கள்.
3. ஒரு குடை விரிந்தது.
4. வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட எல்லைக்கல் ஒன்று பள்ளத்தில் உருண்டு போய்ச் சேர்ந்தது.
5. குடைக் கைப்பிடியிலிருந்து என் விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

(வரிசை சரிதானா என்று கேட்காதீர்கள். எதையும் குறித்துவைக்கும் நிலையில் நான் அப்போது இல்லை.)

இனி என் முகத்தைப் பற்றி. அன்று யானையைவிட அதிகச் சேதம் செய்தது அதுதான். எனக்குப் பயம் வந்தால் அது முகம்வரை ஏறாது, தொண்டையோடு நின்றுவிடும். கால் நகராது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முகம் மட்டும் தபாலாபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல் அமைதியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் சமையலறைக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. அம்மாவும் அண்ணனும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். நான் அரிவாள்மணையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பாம்பு போன பிறகு தெருவே உள்ளே வந்து எட்டிப் பார்த்து, "பொண்ணுக்கு என்னா தைரியம்!" என்றது. எழுந்திருக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தைரியசாலிப் பெண் என்று சொல்லித்தான் அப்பா என்னைப் பாலிடெக்னிக்கில் சிவில் எஞ்சினியரிங் டிப்ளமாவான எல்.சி.இ. படிக்க அனுப்பினார். அதே பெயரைச் சொல்லித்தான் தேன்கனிக்கோட்டையில் வனத்துறை ஆபீசில், காட்டு வரைபடங்களை வரைகிற தற்காலிக வேலையும் கிடைத்தது. மேசை, மை, அளவுகோல், மின்விசிறி. பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

சிக்கல் என்னவென்றால் வேலை நிரந்தரம் ஆகவில்லை. எங்கள் ரேஞ்சர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். அவர் பெயர் ஆதிமூலம். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மிஸ் ஜெசிந்தா, உங்க டிராயிங் பிரமாதம். ஆனா காட்டு வேலைக்கு லேடீஸ் ஒத்து வருமான்னு மேல கேக்கறாங்க. ஒரு தடவ ஃபீல்டுக்கு வந்து காட்டிடுங்க. நானும் கையெழுத்து போட்டுடறேன்."

வீட்டிலோ அப்பா வேறொரு கெடு வைத்திருந்தார். பொங்கலுக்குள் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால், ஊத்தங்கரையில் உரக்கடை வைத்திருக்கும் அத்தை மகனுக்குக் கல்யாண ஓலை எழுதப்படும். அத்தை மகன் நல்லவன்தான். பேசினால் உரத்தைப் பற்றித்தான் பேசுவான், அதுவும் மூச்சு விடாமல். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் அஞ்செட்டிக் காட்டின் மேற்கு ஓரத்துக்கு நான் போனேன். இரண்டு மாநிலங்களும் சேர்ந்து எல்லையை அளக்கிற வேலை. காரணம், எல்லையில் வளர்ந்திருந்த ஒரு மூங்கில் காடு. வெட்டும் பருவம் வந்துவிட்டது. மூங்கில் எங்களுடையது என்றது எங்கள் பக்கம். தங்களுடையது என்றது மைசூர் பக்கம். கடிதத்துக்கு மேல் கடிதம் போய், ஒவ்வொரு கடிதத்திலும் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மைசூர் தரப்பு ரேஞ்சர் சித்தலிங்கய்யா. உருண்டையான மனிதர், தொப்பியைக் கழற்றாதவர். அவருடன் சென்னப்பா என்ற வாட்சர். எங்கள் பக்கம் ஆதிமூலம் சார், வாட்சர் மாதப்பன், நான், கோணம் அளக்கும் ஒரு தியோடலைட், நிலம் அளக்கும் ஒரு சங்கிலி, ஒரு பெரிய கறுப்புக் குடை. அளக்கும் கருவி மேல் வெயில் படாமல் பிடிப்பதற்கான குடை அது. அதன் பொத்தான் மிகவும் இறுக்கம். இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினால்தான் விரியும்.

மாதப்பனும் சென்னப்பாவும் மாமன் மச்சான். சென்னப்பாவின் அக்காளைத்தான் மாதப்பன் கட்டியிருந்தான். ரேஞ்சர்கள் இருவரும் கைகுலுக்கிக்கொள்ளாமல் வணக்கம் சொல்லிக்கொண்ட அதே நேரத்தில், இவர்கள் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா சௌக்கியமா, பாவா?"

"அவளுக்கென்னா, வாய் சௌக்கியம், கால்தான் நோவுது. உங்க ஊட்டு ராகி தீந்து போச்சு மச்சான், அடுத்த வாட்டி வர்றப்ப கொஞ்சம் கொண்டா."

எல்லைக்கல் ஒரு பாறை மேட்டில் இருந்தது. அழகான இடம். பக்கத்தில் நிழல், நல்ல காற்று, உட்கார வசதியாகத் தட்டைப் பாறை. கல்லின் கிழக்குப் பாதியில் எங்கள் சுண்ணாம்பு, மேற்குப் பாதியில் மைசூர் சுண்ணாம்பு. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் இரண்டு வாட்சர்களும் வந்து, அவரவர் பாதியை மட்டும் பூசிவிட்டு, அவரவர் மாநிலத்தில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் களி தின்றுவிட்டுப் போவார்களாம். இரண்டு அரசாங்கங்களுக்கும் நடுவே சண்டையில்லாமல் நடந்துவந்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதை நான் தியோடலைட் வைத்துக் கலைத்தேன்.

எல்லை வரிசையில் இதற்கு முந்தைய கல்லிலிருந்து கோணம் எடுத்தேன். சங்கிலி போட்டோம். பழைய வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே தொல்லை.

"சார்," என்றேன். "இந்தக் கல் இங்கே இருக்கக் கூடாது. வரைபடப்படி இன்னும் கீழே, ஓடைப் பள்ளத்தில் இருக்க வேண்டும்."

இரண்டு வாட்சர்களும் ஒரே சமயத்தில் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். உண்மையான கல் பள்ளத்தில்தான் இருந்தது. அங்கே போய்ச் சுண்ணாம்பு அடிப்பது உயிரை வெறுத்தவன் செய்கிற வேலை. ஆகவே இவர்களுக்கு முன்பிருந்த வாட்சர்களோ அவர்களுக்கும் முன்பிருந்தவர்களோ, இரண்டு மாநிலமும் மனமொத்து, மேட்டில் ஒரு கல்லை நட்டு எல்லையை வசதியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். (பின்னால் மாதப்பனே சொன்னான். "எல்ல எங்க இருந்தா என்னாங்கம்மா, சுண்ணாம்பு அடிச்சிருக்கணும், அவ்ளோதான்.")

கல் மேட்டிலேயே இருந்தால் மூங்கில் பாதிப் பாதி. பள்ளத்துக்குப் போனால் மொத்த மூங்கிலும் ஒரு பக்கத்துக்கு. எந்தப் பக்கத்துக்கு என்பது கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஆதிமூலம் சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. சித்தலிங்கய்யா முகத்திலும் வந்தது. இருவருமே தங்களுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"போய்ப் பாத்துடலாம்."

"ஹௌது, நோடோணா. பாத்துடலாம்."

"அங்க முள்ளுங்க சார்," என்றான் மாதப்பன்.

"பூட்ஸ் போட்டிருக்கோம்."

"ஜேனு இதே, சார். மலைத்தேனி. மனுசனையே தூக்கிட்டுப் போவும்," என்றான் சென்னப்பா.

"நம்மள எல்லாம் தூக்காது, வெயிட்டு ஜாஸ்தி."

பிறகு மாதப்பன் ஒன்றும் சொல்லாமல் முழங்கையை மூக்குக்கு முன்னால் மடக்கித் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். காட்டுக்குள் அந்தப் பெயரைச் சொன்னால் அது வரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எல்லாருக்கும் புரிந்தது. ஆதிமூலம் சார் கழுத்தில் வேர்வை இறங்கியது. சித்தலிங்கய்யா முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். ஆனால் மைசூர்க்காரர் முன்னால் எங்கள் ரேஞ்சர் பயப்பட முடியாது. எங்கள் ரேஞ்சர் முன்னால் மைசூர்க்காரரும் முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிஸ், நீங்க என்னா சொல்றீங்க? வேணாம்னா வேணாம்."

கெஞ்சுகிற குரல். ஒரு பெண் பயந்தாள், அதனால் திரும்பினோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? வேண்டாம் சார், திரும்பிப் போகலாம் சார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைத்தேன். நாக்கு மேலே ஒட்டியிருந்தது. முகம் தன் வழக்கப்படி தபாலாபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீங்களா," என்றார் ஆதிமூலம் சார், சவக்களையோடு. "மிஸ்ஸே பயப்படல. நடங்க."

நடந்தோம்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதை எழுதும்போது மட்டும் இன்றைக்கும் பேனா நழுவுகிறது. மேட்டிலிருந்த காற்று கீழே இல்லை. மூங்கில்கள் இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டன. சில மூங்கில்கள் இடுப்பளவில் முறிந்து, முறிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்றுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. பாதையில் கூடை கவிழ்த்ததுபோல் சாணம் கிடந்தது. மாதப்பன் குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டான். சூடு. நான் குடையை மடியிலிருக்கும் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு நடந்தேன். மனதுக்குள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். நடுவில் மடக்கை வாய்பாடு வந்து கலந்துவிட்டது. இரண்டுமே தப்பாக ஓடின.

திருப்பத்தில் ஒரு பாறை மூச்சு விட்டது.

அது பாறை அல்ல. பழைய எல்லைக்கல் ஆளுயரத்தில், சேறு பூசி, வழவழவென்று தேய்ந்து நின்றது. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு கொம்பன் யானை சொறிந்துகொண்டிருந்தது. முன்கால்கள் மைசூரில், பின்கால்கள் எங்கள் மாநிலத்தில். அதன் வயிற்றுக்குள் எங்கோ தூரத்தில் வண்டி ஓடுவதுபோல் ஒரு சத்தம். பச்சைத் தழையும் மண்ணும் மூத்திரமும் கலந்த நாற்றம். அதன் கண் இமையில் மயிர் இருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றோம்.

காது விரிந்தது. சொறிவது நின்றது.

"ஆனெ!" என்றார் சித்தலிங்கய்யா, வழக்கத்தையெல்லாம் மறந்து.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். சென்னப்பா ஓடை வழியே மைசூரைப் பார்த்து ஓடினான். மாதப்பன் தியோடலைட் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே ஒரு புங்கமரத்தில் ஏறினான். அது எப்படி என்று அவனுக்கே தெரியாது. ரேஞ்சர்கள் இருவரும் ஒரே நாவல் மரத்தைப் பிடித்தார்கள். (யானை 'ஆதிமூலமே' என்று கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய பெயர் எங்கள் சாருடையது. யானை கூப்பிடாமலே அவர் ஓடினார். அதுவும் எதிர்ப்பக்கம்.)

நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று என் தலை உத்தரவு கொடுத்தது. கால்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"மிஸ்! ஓடும்மா!"

"ஓட்பேடா! ஓடாதே! அல்லே நில்லு!"

"கீழ உக்காரு!"

"கண்ணப் பாக்காதீங்கம்மா!" இது புங்கமரத்திலிருந்து.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, கிளை ஆடுது."

"எல்லி தள்ளோது? தள்ளினா கீழே ஆனெ."

"இது எங்க மரம் சார்!"

"நிம்ம மரானா? கல்லுக்கு இந்தக் கட மைசூரு!"

யானை ஓர் அடி முன்னால் வைத்தது. தரை அதிர்வதை என் செருப்பு வழியாக உணர்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் நிற்பது கல்லுக்கு மேற்கே. இங்கே செத்தால் மைசூரில் செத்ததாக ஆகும். எங்கள் ரேஞ்சர் கையெழுத்து செல்லாது. செத்த பிறகும் தற்காலிக ஊழியர்தான். இதற்கு அழ வேண்டும்போல் இருந்தது. அழுகையும் முகம்வரை ஏறவில்லை.

யானை தலையைக் குலுக்கிவிட்டு இன்னும் இரண்டு எட்டு வேகமாக வந்தது. நான் ஒளிந்துகொள்ள என்னிடம் இருந்தது குடை மட்டும். மூடிய குடைக்குப் பின்னால், ஒரு கம்புக்குப் பின்னால் ஒளிவதுபோல் ஒளிந்தேன். கைகள் அதை இறுக்கின. எந்த நாளிலும் ஒருமுறை அழுத்தி விரியாத பொத்தான் என் பயத்துக்கு விரிந்தது.

டப்!

காட்டில் அதற்கு முன் அப்படியொரு சத்தம் கேட்டிருக்காது. யானையின் பார்வையில், ஒரு சின்ன மிருகம் கண்ணெதிரே ஒரே நொடியில் ஐந்து மடங்கு கறுப்பாக வீங்கியது. அது பிளிறியது. அந்தப் பிளிறலில் இருந்தது கோபம் அல்ல, என்னுடைய அதே பயம் என்று நான் இன்றும் நம்புகிறேன். நானும் முடிந்தால் அப்படித்தான் கத்தியிருப்பேன். அது பின்வாக்கில் நகர்ந்தது. அதன் பின்பாரம் முழுவதும் எல்லைக்கல்மேல் விழுந்தது. கல் சாய்ந்தது, வேரோடு பிடுங்கிக்கொண்டது, உருண்டது. பள்ளத்தின் அடியில், கிடங்குபோல் கிடந்த ஓடை மடுவில், ஒரு சத்தம். பிறகு மூங்கில்கள் முறிகிற சத்தம் தூரத் தூரப் போயிற்று. பிறகு ஒன்றுமில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார்கள். சித்தலிங்கய்யாவின் கால்சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஆதிமூலம் சாரின் சட்டை முழுக்க நாவல் பழக்கறை. கல் இருந்த குழியை இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அந்தப் பார்வையில் நட்பு இருந்தது.

"சார், மேட்டுல இருக்கற கல்லே நல்ல கல்லுதான்," என்றார் எங்கள் ரேஞ்சர்.

"சென்னாகிதே, நல்லா இருக்கு. சுண்ணாம்பு கூட அடிச்சிதே," என்றார் அவர்.

"மூங்கில் பாதிப் பாதி."

"சரி. மர ஏறினது மாத்திரம் பரெய பேடா. எழுத வேண்டாம்."

"எந்த மரம் சார்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு என் நினைவு வந்தது. அளந்து சொன்னவள் நான்தானே. நான் அதே இடத்தில், விரித்த குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். ஆதிமூலம் சார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"மிஸ், காட்டானை கல்லத் தள்ளிடுச்சு, அதனால மேட்டுக் கல்லையே ரெண்டு பக்கமும் ஒத்துக்கறோம்னு எழுதிடலாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

சம்மதம்தான். எழுதப்போவதும் பொய்யில்லை. ஆனால் தாடை பூட்டிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தபடி நின்றேன்.

அவர் முகம் மாறியது. மைசூர்க்காரரிடம் திரும்பி, "ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார். பிரின்சிப்பிள் பாக்கறாங்க," என்று கிசுகிசுத்தார்.

"ஏனு பேக்கு கேளி. என்னா வேணும்னு கேளுங்க."

"மிஸ், உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் நாளைக்கே அனுப்பிடறேன்."

நான் பேசவில்லை.

"நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே. ஜீப்புலயே கையெழுத்து போடறேன்."

நான் பேசவில்லை.

"மேலிடத்துக்கு ஒரு குறிப்பும் எழுதறேன். யானைக்கு முன்னால அசையாம நின்னாங்கன்னு. போதுமா, தாயே?"

கடைசியில் நான் தலையாட்டினேன் என்று இருவரும் சொல்கிறார்கள். அது நடுக்கம்.

குடை மூடவில்லை. கம்பி எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டது. என் விரல்களும் கைப்பிடியை விடவில்லை. மாதப்பன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். பிரித்த விரல், அடுத்த விரலைப் பிரிப்பதற்குள் திரும்பிப் போய்ப் பிடித்துக்கொண்டது. "இருக்கட்டும் வுடுங்க சார், ஊட்டுக்குப் போனா தானா வுட்ரும்," என்றான். ஆகவே நான் ஜீப்பின் பின்புறம் உட்கார்ந்து, குடையை வெளியே நீட்டியபடி, மழையில்லாத ஒரு மாலையில் ஓசூர் கடைத்தெரு வழியாக ஊர்வலம் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் கோயில் பங்குச்சாமியாரும் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். விரித்த குடையோடு உள்ளே நுழைந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதப் பாத்துடி இப்படிப் பயந்துட்ட?"

உலகத்தில் என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சாரைப்பாம்பு வந்த அன்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் என் தைரியசாலிப் பட்டம் போய்விடுமே என்று இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கை தானாக விட்டது. குடை தரையில் விழுந்தது. பிறகு நான் கத்தினேன். அக்கம்பக்கத்தில் யானையே வந்துவிட்டதாக நினைத்து இரண்டு வீடு காலியாயிற்று.

அதன்பின் எங்கள் வீட்டில் யாராவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், "குடை விரிஞ்சுடுச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது (ஊத்தங்கரை இல்லை, கிருஷ்ணகிரி) மாப்பிள்ளை ஏதோ கேட்டார். நான் அமைதியாக, கம்பீரமாக அவரைப் பார்த்தபடி இருந்தேன். என்னமோ திமிர் பிடித்த பெண் என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணன் பின்னாலிருந்து, "குடை விரிஞ்சிருக்கு மாப்ளே, கொஞ்சம் பொறுங்க," என்றான். அவருக்கு விளக்கம் சொல்ல, முழுக் கதையையும் அப்பாவே சொல்லவேண்டி வந்தது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில்தான் எனக்குப் பேச்சு வந்தது. இப்போது அவர் என் கணவர், அவர் இந்தக் கதையைச் சொல்லும்போது யானை இரண்டாகிவிட்டது.

இன்றைய நிலவரம்: இரண்டு மாநிலங்களும் பெயர் மாற்றிக்கொண்டுவிட்டன. கல் மேட்டிலேயே இருக்கிறது, பாதிச் சுண்ணாம்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வேலை நிரந்தரமாகி, மாற்றலும் ஆகி, ஓசூருக்கு வெளியே தொழிற்சாலைகளுக்கு மனை அளக்கிற இடத்தில் இருக்கிறேன். அங்கே யானை வராது என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை. குடை எங்கள் வீட்டுப் பரணில், விரித்தபடி இருக்கிறது.